லேசானதா, வேகமானதா?

தங்கச்சி மகனுக்கு ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்ப வேண்டும். அவன் இருப்பது கியாக்தானில். நான் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

கியாக்தானைத் தெரியாதவர்களுக்கு: ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி சிரியம் போய், அதற்கும் தெற்கே போனால் வரும் ஊர். ஆற்றின் நடுவே ஒரு திட்டில் யேலே பகோடா இருக்கிறது. படகில்தான் போகவேண்டும். கெளுத்தி மீன்களுக்குத் தீனி போடலாம். சுற்றிலும் நெல்வயல். பாட்டன் காலத்திலிருந்து அதில் நம் ஆட்கள்.

பையனுக்கு 20 வயது. கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான். அவன் கேட்டது தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப். அது இரண்டரைக் கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் முக்கால் கிலோ. நான் பார்த்து வைத்திருப்பது ஒன்றேகால் கிலோ. லோ யாட் பிளாசாவில் விசாரித்துவிட்டேன், செகண்ட் ஹேண்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை.

தங்கச்சி சொன்ன கணக்குப்படி அவர்கள் தெருவில் கரண்ட் 4 மணிநேரம் இருக்கும், 8 மணிநேரம் இருக்காது. வீட்டில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இன்வெர்ட்டரோடு இருக்கிறது. ஏட்டுக் கணக்கில் 1,200 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக 600. விளக்கு, ஃபேன், போன் எல்லாம் அதில்தான். கேமிங் மெஷின் வீடியோ வேலையில் 150 வாட் இழுத்தால் 4 மணிநேரத்தில் வீடே இருட்டு. லேசானது சாதாரண வேலைக்கு 10 வாட்டோடு நின்றுவிடும். அதன் சொந்த பேட்டரியே ஐந்து மணிநேரம் தாங்கும்.

இதைச் சொன்னால் அவன் கேட்கிறான்:

"மாமா, கரண்ட் இருக்கிற 4 மணிநேரத்துல வேலைய முடிக்கணும். உங்க லேசான மெஷின்ல ஒரு கல்யாண வீடியோ ஏறி முடியறதுக்குள்ள மீ போயிரும்."

பர்மிய மொழியில் நெருப்புக்கும் கரண்டுக்கும் 'மீ'தான். கரண்ட் வந்தால் தெருவே "மீ லாபி!" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பிப் போகலாம் போலிருக்கும்.

பையன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஃபேன் இல்லாத மெல்லிய மெஷின் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் ராமையும் பின்னால் கூட்ட முடியாது. ஆனால் வழி இருக்கிறது. காட்சிகளைச் சின்ன அளவில் பிரதி எடுத்து, இருட்டு நேரத்தில் பேட்டரியில் உட்கார்ந்து வெட்டலாம். மீ வந்ததும் அசலில் ஏற்றிக்கொள்ளலாம்.

தங்கச்சியிடம் இவ்வளவும்தான் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. 2010இல் எழுதி வைத்த கட்டாய ராணுவச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10 அன்று தூசி தட்டி எடுத்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வரை. பையன் எந்த ராத்திரி எந்தப் பக்கம் கிளம்ப வேண்டிவருமோ தெரியாது. பிழைப்பை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்கு மூன்றேகால் கிலோ ரொம்பக் கனம். நான் 1996இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். டிசம்பரில் இழுத்து மூடினார்கள். 2000இல் திறந்தபோது நான் அரிசி ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த முதல் வருட அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எடை இல்லாததால் கூடவே வந்துவிட்டது.

போனில் இதையெல்லாம் பேச முடியாது. "தூக்கிக்கிட்டு நடக்கத் தோதா இருக்கணும்டா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

"சரி மாமா, லேசானதே வாங்குங்க. ராம் மட்டும் 16 ஜிபி இருக்கட்டும்."

அதற்கு இன்னும் 200 வெள்ளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.