அயோவாவில் ஒரு காதர்!

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருக்கிறது அயோவா ராஜ்யம். மக்காச்சோளக் கொல்லைகளுக்குப் பேர்போன சீமை. அதன் வடகிழக்கு மூலையிலுள்ள எல்கேடர் என்ற ஊருக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

கிளேட்டன் ஜில்லாவின் தலைநகர் இது. தலைநகர் என்றதும் பெரிய பட்டணம் என்று எண்ணிவிடாதீர்கள். 2020-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி மொத்தமே சுமார் 1,200 பேர்தான்! ஊர் நடுவே டர்க்கி ஆறு ஓடுகிறது. துருக்கி தேசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வான்கோழி ஆறு! அதன்மேல் 1889-ல் கட்டிய அழகான கல் பாலம், இரண்டு வளைவுகளுடன் கம்பீரமாக நிற்கிறது.

சரி, 'எல்கேடர்' என்றால் என்ன? ஆங்கிலமா, ஜெர்மனா? இரண்டும் இல்லை, அரபு! அப்துல் காதர் என்ற பெயர் நமக்குப் புதிதல்லவே? அந்தக் காதர்தான் அயோவாக்காரர்கள் வாயில் 'கேடர்' ஆகிவிட்டார்.

இந்தக் காதர் யார் தெரியுமா? அல்ஜீரியாவில் மஸ்காரா நகரத்துக்கு அருகே 1808-ல் பிறந்தவர். தம் நாட்டைப் பிடிக்க வந்த பிரெஞ்சுப் படைகளை, இருபத்துநாலாவது வயதில் தலைமையேற்று எதிர்த்து நின்ற அமீர். அவருடைய வீரச் செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். 1846-ல் புதிய ஊருக்கு மனை அளந்த டிமதி டேவிஸ் என்ற வக்கீலும் அவர் கூட்டாளிகளும், கடல் கடந்த அந்த வீரர் பெயரையே ஊருக்குச் சூட்டிவிட்டார்கள்!

மறு வருஷமே அமீர் சரணடைந்தார். நாட்டை விட்டுப் போக அனுமதிப்பதாகச் சொன்ன பிரெஞ்சுக்காரர்கள், வாக்குத் தவறி 1852 வரை அவரைச் சிறை வைத்தார்கள். தோற்றவர் பெயர் நமக்கெதற்கு என்று எல்கேடர் தன் பெயரை மாற்றிக்கொண்டதா? இல்லை!

பிறகு அமீர் டமாஸ்கஸில் குடியேறினார். 1860-ல் அங்கே கலகம் மூண்டு, கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். இந்த முஸ்லிம் பெரியவர் தம் ஆட்களுடன் வீதியில் இறங்கினார். ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காப்பாற்றினார். ஆப்ரகாம் லிங்கன் இரண்டு கைத்துப்பாக்கிகளை அவருக்குப் பரிசாக அனுப்பி வைத்தார். தாங்கள் வைத்த பெயர் வீண்போகவில்லை என்று எல்கேடர் மார்தட்டிக்கொள்ளலாம் அல்லவா?

கதை அதோடு முடியவில்லை. 1984-ல் எல்கேடரும் மஸ்காராவும் சகோதர நகரங்களாயின. 2008-ல் டர்க்கி ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தபோது, அல்ஜீரியாவிலிருந்து 1,50,000 டாலர் உதவி வந்து சேர்ந்தது!

ஜெயித்தவர் பெயரை ஊருக்கு வைக்க யாராலும் முடியும். தோற்றவர் பெயரைக் கைவிடாமல் காப்பாற்றியது அந்தச் சிற்றூர். ஆற்று வெள்ளம் ஊரை மூழ்கடித்த வருஷத்தில், அந்தப் பெயரே உறவாகி வந்து கை கொடுத்தது.