வயிறு ஒட்டிய கோமாளி

போர்ட் பிளேரில் கடலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும் அதில் மாற்றமில்லை. இருந்தும் அந்த அரசுக் குடியிருப்பின் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். அந்தமான் பவளப்பாறைகளில் கடல் சாமந்தியின் விஷக் கைகளுக்கு நடுவே கவலையில்லாமல் வாழும் இனம்.

"அப்பா, சின்னது எலும்பா இருக்குப்பா" என்று முதலில் சொன்னது மகள். தலை பெரிதாகவும், அதற்குப் பின்னால் உடம்பு கத்தியாகவும் தெரிந்தது. வயிறு உள்ளே ஒட்டியிருந்தது.

அப்பாவின் முதல் சந்தேகம் பெரிய மீன் மேல். கோமாளி மீன் குடும்பத்தில் பெரியது பெண், அதுவே எஜமானி. அது இறந்தால் அடுத்த இடத்திலிருக்கும் ஆண் பெண்ணாக மாறும். அதிகாரம் கண்டிப்பானது. சின்னதைத் தின்ன விடாமல் துரத்துகிறதோ? ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். சின்னதும் நன்றாகவே தின்றது. தின்றும் மெலிந்தது.

அடுத்து அவர் செய்தது, நோயாளியைக் கண்டால் எந்த வீட்டிலும் செய்வதுதான். இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டார். மிஞ்சிய தீனி அடியில் அழுகியது. நீரில் அம்மோனியா ஏறியது. மூன்றாம் நாள் பெரிய மீனும் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது.

மீன்வளம் படித்த நண்பர் வந்தார். என்ன தின்கிறது என்று அவர் கேட்கவில்லை. "கழிவு எப்படி இருக்கு?" என்றார். வெள்ளை நூல்போல நீளமாகத் தொங்கியது. இது குடல் கோளாறின் அறிகுறி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நுண்ணோக்கியில் பார்த்தபோது குடல் ஒட்டுண்ணிகள் நெளிந்தன. மீன் தின்றதை அவை பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

வைத்தியம் ஆடம்பரமாக இல்லை. மணல் இல்லாத தனித் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, தினமும் கொஞ்சம் புதுக் கடல்நீர். நோய் குடலில் என்பதால் மருந்தும் உணவோடு போனது, நண்பர் சொன்ன அளவில். பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகள் சிறிது சிறிதாக, நாளைக்குப் பல தடவை.

அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். இப்படி மெலிவதற்கு மீன்களைத் தாக்கும் காசநோயும் காரணமாகலாம். அதற்கு நம்பகமான மருந்து இல்லை. அந்தக் கிருமி காயம்பட்ட கை வழியாக மனிதருக்கும் தொற்றித் தோலில் புண் உண்டாக்கும். அதனால் மகளின் விரலில் இருந்த சிராய்ப்பு ஆறும்வரை தொட்டியில் கை வைக்கத் தடை.

முதலில் மாறியது உடம்பல்ல, கழிவின் நிறம். வயிற்றில் சதை பிடிக்க ஆறு வாரங்கள் ஆயின. பெரிய தொட்டிக்குத் திரும்பிய அன்று எஜமானி ஒரு சுற்றுத் துரத்தினாள். மறுநாள் இரண்டும் ஒரே மூலையில் தூங்கின.

எல்லா மீனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கடலில் பிடித்த மீன் ஒட்டுண்ணியோடும் பயத்தோடும் தொட்டிக்கு வருகிறது. பழக்கமில்லாத தீனியைத் தொடாமலே பட்டினி கிடப்பதும் உண்டு. தொட்டியிலேயே பிறந்த குஞ்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1978இல் போர்ட் பிளேரில் தொடங்கிய, இன்று மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் அமைப்பும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையமும் கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கின்றன. முட்டையை ஆண் மீன் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரியும்.

அடுத்த மீன் வாங்குவதானால் அப்படிப்பட்ட குஞ்சுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். தீனி டப்பா இப்போது மகளின் பொறுப்பில் இருக்கிறது. அவருக்குக் கொடுப்பதில்லை.