உவரிக்கு மருமகள், அரசாங்கத்துக்கு யார்?

உவரிக்காரர் ஒருவர் இலங்கைப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் மாதா கோயிலில் கல்யாணம் முடிந்ததுமே ஊருக்கு அவர் மருமகள். அரசாங்கத்துக்கு அப்படியில்லை.

பாஸ்போர்ட், விசாவோடு வந்தவர் என்றால் வழி இருக்கிறது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி, இந்தியரை மணந்தவர் ஏழு வருஷம் இங்கே குடியிருந்தபின் விண்ணப்பிக்கலாம். (அதற்குள் பிள்ளையே பள்ளிக்கூடம் போய்விடும்!) அமெரிக்காவின் கிரீன் கார்டு போல இங்கே கணவனை வைத்து வாங்க எதுவும் இல்லை. கிட்டத்தட்ட வருவது ஓ.சி.ஐ. அட்டை. அதற்கு, பதிவான கல்யாணம் இரண்டு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும். விவாகரத்தானால் அட்டையும் போச்சு.

1990-ல் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அகதிப் பெண் என்றால்தான் பெரிய சிக்கல். காகிதம் இல்லாமல் வந்தவர் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறி'. எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும் 5-ம் பிரிவு அவருக்குக் கிடையாது. 2019 திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. கூப்பிடு தூரத்து இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. அவ்வளவுதான், குடியுரிமை இல்லை.

இதைவிடக் கொடுமை பிள்ளைகள் விஷயம். 2003 திருத்தம் 2004 டிசம்பர் 3-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின மாதம் பிறந்த மகனுக்கு அப்பா இந்தியர் என்பதே போதும். 2006-ல் பிறந்த மகளுக்கு அம்மாவின் காகிதத்தையும் பார்ப்பார்கள். வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போக அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கலாம். அதே வீட்டில் வளர்ந்த தங்கைக்கு அது கிடையாது.