பழைய காரும் குலுங்காத பயணமும்

சொகுசு வண்டி என்றவுடன் நம்மில் பலர் மனத்தில் தோன்றுவன மெத்தென்ற இருக்கை, குளிர்ந்த காற்று, பளபளக்கும் வண்ணப் பூச்சு ஆகியவையே. வண்டி வாங்கச் செல்வோர் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பர். இருக்கையை அழுத்திப் பார்ப்பர். குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஏறி அமர்ந்தவரின் முதுகெலும்புக்கு நன்மையோ தீமையோ செய்வது கண்ணில் படாத அவ்வடிப்பாகமே ஆகும். பழைய கார் ஒன்றைச் செப்பனிட்டதில் நாங்கள் அறிந்துகொண்டவை நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படக் கூடும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடித் திருப்பதிக்கு வந்து தங்கியவர்கள். மெட்ரிகுலேஷன் படிப்பும், அதைக் கொண்டு கிடைத்த இரயில்வே எழுத்தர் வேலையுமே எங்கள் குடும்பத்தின் ஆதாரம். இரயில்வேக்காரர் வீட்டில் காரைப் பற்றிப் பேச்சா என்று அன்பர்கள் நகைக்கலாம். அந்தக் கார் எங்கள் சம்பாத்தியம் அன்று. சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த மாமனார் ஆசைப்பட்டு வாங்கிய 1993-ஆம் ஆண்டுக் கான்டஸா அது. அவர் காலமான பின் இரண்டு ஆண்டுகள் கொட்டகையில் தூசி படிந்து நின்றது.

இன்றைய இளைஞருக்குக் கான்டஸாவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970-களில் செய்த விக்டர் வகைக் காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984 முதல் 2002 வரை இதனைச் செய்து விற்றனர். அம்பாசடரும் பியட்டும் ஓடிக்கொண்டிருந்த சாலைகளில் அந்நாளில் இதுவே பெரிய மனிதரின் வண்டி. பின்னர் இதில் ஜப்பானிய இசுசு எஞ்சினைப் பொருத்தினர். அதே இசுசு நிறுவனம் 2016-இல், அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை திறந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது ஸ்ரீசிட்டியும் அதனுள் வந்தது.

நிற்க. அத்தைக்கு முதுகெலும்பில் அறுவை நடந்தது. அதன்பின் பயிற்சிச் சிகிச்சைக்காக மாதம் இருமுறை சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வர வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பாகாலா மார்க்கமாக இரயில் உண்டு. ஆனால் நிலையத்திற்கு ஆட்டோவில் குலுங்கிச் சென்று, பெட்டியின் உயரப் படிகளில் ஏறி இறங்க அவர்களால் இயலவில்லை. வாடகைக்கு வந்த சிறிய கார்களிலோ காலை நீட்ட இடமில்லை. கான்டஸாவின் பின்னிருக்கை ஒன்றே ஒருக்களித்துப் படுக்கும்படி அகன்றிருந்தது.

ஆகவே அதனை ஓட்டிப் பார்த்தோம். பூதலப்பட்டு வருவதற்குள் மூன்று முறை நிறுத்தும்படி ஆயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்புறம் தூக்கிப் போட்டது. வளைவுகளில் பக்கவாட்டில் ஊசலாடியது. “மாப்பிள்ளை, இந்த வண்டியில் வருவதைவிட நான் வீட்டிலேயே முடங்கிக் கிடந்துவிடுகிறேன்” என்றார் அத்தை. சொன்னபடியே அடுத்த இரண்டு தவணையும் சிகிச்சைக்கு வரவில்லை. இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது.

வீட்டில் இரு கட்சியாயிற்று. மைத்துனர், “பழைய இரும்புக்கு ஆள் வந்திருக்கிறான், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், அத்தான்” என்றார். அவர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. உதிரிப் பாகம் கிடையாத வண்டி. செலவுக்கோ எல்லை தெரியாது. எங்கள் சம்பளம் அனைவரும் அறிந்ததே. எங்கள் இல்லத்தரசியோ, “அம்மா படுத்து வரும்படி வேறொரு வண்டி காட்டுங்கள், இதை விற்றுவிடலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்படியொரு வண்டியைக் காட்ட எங்களால் இயலவில்லை.

சித்தூரில் பழைய கார்களோடு நாற்பது ஆண்டு பழகிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் பாய் என்றே அழைப்பர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் சித்தூர் மனிதர். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. முதலில் டயரைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு; முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். எங்கள் டயர்களில் 2312 என்றிருந்தது. அஃதாவது 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். “பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது, ஐயா. முதல் அடியைத் தாங்க வேண்டியது டயர். அதுவே கல்லானால் மற்றது என்ன செய்யும்?” என்றார். காற்றும் அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருந்தது.

அடுத்து வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி விட்டார். நல்ல வண்டி ஒருமுறை எழுந்து அடங்கிவிடும். எங்கள் வண்டியின் முன்பக்கம் தொட்டில்போல் நான்கைந்து முறை ஆடியது. பின்பக்கமோ அழுத்தவே இடம் கொடுக்கவில்லை. ஒரே வண்டியில் இருவேறு நோய்!

இவ்விடத்தில் வில்லின் தொழிலையும் ஷாக் அப்சார்பரின் தொழிலையும் பிரித்தறிதல் வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவதும், பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிச் சுருங்குவதும் சுருள்வில்லின் வேலை. வாங்கிய விசையை அது வைத்துக்கொள்ளாது, திருப்பி உதைக்கும். அவ்வுதையை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் புகும்போது துள்ளலின் விசை வெப்பமாகிக் கரைகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அது வெறுங்குழாய். வண்டி ஆடிக்கொண்டே இருக்கும்.

இரயில் பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டிகளில், அச்சுப் பெட்டிக்கு மேல் ஒரு வரிசைச் சுருள்வில், அதனுடன் எண்ணெய்க் குழாய். அதற்கு மேல் பெட்டியின் பாரத்தைத் தாங்க மற்றொரு வரிசை. அவ்வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 சனவரியில் நின்றுவிட்டது. திருப்பதியில் இரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிற்கூடத்தில் தவணை தவறாமல் பெட்டியைத் தூக்கி, கீழ்ச் சட்டத்தைக் கழற்றி, வில்களைச் சோதித்துப் பொருத்துவர். நோய் வந்த பின் பார்ப்பது அங்கே வழக்கமில்லை. கார் வைத்திருக்கும் நாமோ முதுகு வலித்த பிறகே குனிந்து பார்க்கிறோம்.

பின்பக்கம் இறுகிப் போனதன் காரணமும் விளங்கியது. மாமனார் காலத்தில் பின்வில் தாழ்ந்தபோது, ஏதோ ஒரு பணிமனையில் சுருள்களுக்கு இடையே ரப்பர்க் கட்டைகளைச் செருகி உயர்த்திவிட்டிருந்தனர். பார்வைக்கு வண்டி நிமிர்ந்துவிட்டது. ஆனால் அடைபட்ட சுருள்கள் சுருங்க வழியில்லை. அடி நேராக இருக்கைக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் மாரிஸ் ஓலி என்னும் பொறியாளர், பயணச் சுகத்தை ஆராய்ந்தார். இடம் மாற்றக்கூடிய எடைகளைக் காரில் ஏற்றி ஓட்டிப் பார்த்து, முன்வில்லின் ஆட்டம் மெதுவாகவும், பின்வில்லின் ஆட்டம் அதைவிடச் சிறிதே விரைவாகவும் இருத்தல் வேண்டும் என்று கண்டார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறும். பின்வில் சிறிது விரைந்து ஆடினால்தான் முன்வில்லை எட்டிப் பிடித்து, வண்டி சமமாக எழுந்து அடங்கும். இன்றும் சுகமான காரின் ஆட்டம் நிமிடத்திற்கு 60 முதல் 90 முறை என்ற அளவிலேயே அமைகிறது. அது மனிதன் நிதானமாக நடக்கும்போது உடல் ஏறி இறங்கும் வேகத்தை ஒட்டியது. ஆகவே உடல் அதனைப் பகையாகக் கொள்வதில்லை. எங்கள் காரில் ரப்பர்க் கட்டைகள் அந்தச் சமநிலையை அடியோடு குலைத்திருந்தன.

பின்னர் பாய் கடப்பாரையால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிக் காட்டினார். இரும்புக் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் ‘புஷ்’ எனப்படும் ரப்பர் வளையங்கள் உண்டு. இரும்பும் இரும்பும் நேரே மோதாமல் காப்பவை அவை. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். எங்கள் புஷ்கள் வெடித்து உதிர்ந்தன. பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டின் புஷ் அறவே இல்லை. வளைவில் ஊசலாடியதன் காரணம் அதுவே.

உதிரிப் பாகம் தேடுவது பெரிய வேலையாயிற்று. பழைய பாகங்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் சென்னைக்கு இரயில் ஏறினோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஷாக் அப்சார்பர்கள் நான்கும் கிடைத்தன. புதுப்பேட்டையில், உடைத்த கான்டஸா ஒன்றின் பின்வில் இரண்டு கிடைத்தன; இரண்டும் ஒரே உயரமா, கீறல் உண்டா என்று நாடாவும் விளக்கும் கொண்டு பார்த்தே வாங்கினோம். கிடைக்காத புஷ்களைத் திருப்பதியில் லேத்துப் பட்டறை ஒன்றில், பழைய இரும்புக் குழாயிலேயே புது ரப்பர் ஏற்றிச் செய்து கொடுத்தனர். முன்வில்கள் இரண்டும் உயரம் குன்றாமல் இருந்தமையால் அவற்றையே வைத்துக்கொண்டோம்.

பாய் செய்த ஒரு காரியத்தை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். புஷ்களைப் பொருத்தும்போது போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டார். ஜாக்கியை இறக்கி, வண்டியின் முழுப் பாரமும் சக்கரங்களில் நின்ற பிறகே அடியில் படுத்து ஒவ்வொன்றாக முடுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். “நின்றுகொண்டிருப்பவனுக்கு நின்றபடிதான் சட்டை அளவெடுக்க வேண்டும்” என்றார் அவர். கடைசியில் புது டயர்களும், சக்கர நேர் சரிபார்ப்பும் முடிந்தன.

எல்லாம் சேர்த்து எங்கள் இருமாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவாகச் செலவாயிற்று. பாதியை மைத்துனரே மனமுவந்து கொடுத்தார். அடுத்த தவணையில் அத்தையை ஏற்றிப் புறப்பட்டோம். பூதலப்பட்டு கடந்தது; நிறுத்தச் சொல்லவில்லை. சந்திரகிரிக் கோட்டை கண்ணில் பட்டபோது திரும்பிப் பார்த்தோம், உறங்கிக்கொண்டிருந்தார். அன்று முதல் ஒரு தவணையும் தவறவில்லை. இப்போது கோலூன்றித் தெருமுனைவரை நடக்கிறார். அந்நன்மை மருத்துவருடையதும் அவரது விடாமுயற்சியுடையதும் ஆகும். அதைக் காரின் கணக்கில் எழுதுவது முறையாகாது. சிகிச்சைக்குச் சென்று சேரும் வழியை மட்டும் கார் கொடுத்தது.

வண்டி புதிதாகிவிட்டது என்றும் கூறோம். ஒரு ஷாக் அப்சார்பர் ஐந்தே மாதத்தில் கசிந்து, இணையாக இரண்டையும் மாற்ற நேர்ந்தது. எரிபொருளும் சற்றுக் கூடுதலாகவே குடிக்கிறது. வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கு ஆண்டில் இரு நாளைக் குறித்து வைத்திருக்கிறோம்.

நம் குடும்பங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கார்கள் பல உள. அவற்றை வைத்திருப்போர்க்குச் சில வார்த்தைகள்: டயரின் வயதைப் பாருங்கள், காற்றை வண்டிக்குக் குறித்த அளவிலேயே அடையுங்கள். ஷாக் அப்சார்பரையும் வில்லையும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அழுத்திய சுருள்வில் குண்டுக்கு நிகரானது. உரிய கருவியின்றி வீட்டில் கழற்ற வேண்டாம். தாழ்ந்த வில்லுக்கு இடையில் கட்டை செருகுவது மருந்தன்று. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் வைத்திருப்போர், பின்புறப் பட்டை வில்களுக்கு இடையே துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருவேறிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டையாகிவிடும்.

இவற்றுள் பலவற்றைக் காண்பதற்குப் பணமும் வேண்டா, படிப்பும் வேண்டா. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது நான்கு மூலையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு பின்னிருக்கையில் அமரும் பெரியவரிடம், பயணம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.