படி வைத்துக் கட்டிய கோபுரம்

விஞ்ஞானக் கதை பார்க்கிறேன் என்று சொன்னால் தோழர்கள் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். "சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு எழுதிக்கிட்டிருக்கோம், ஒனக்கு ராக்கெட்டு கேக்குதா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்கட்டும். நாளைய உலகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, நேற்று நடந்ததற்குச் சாட்சி சொல்லிக்கொண்டே நாம் காலத்தைக் கழிக்க வேண்டுமா? பள்ளிக்கூடத்து நாட்களில் ஊர் நூலகத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கிடைத்தது. ஜீனோ என்கிற இயந்திர நாய் பேசியது, யோசித்தது. ஆசையாகப் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. இந்த எதிர்காலத்தில் எங்க தெரு எங்க இருக்கும்? இன்றைக்கும் எந்த விஞ்ஞானக் கதையைத் தொட்டாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படித் தேடுவது நம்முடைய வியாதி மட்டுமில்லை. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியபோது, விண்கலத்தின் அதிகாரிகளில் ஒருவராகக் கறுப்பினப் பெண்ணான நிச்செல் நிக்கோல்ஸ் நடித்தார். முதல் சீசனோடு விலகிவிட நினைத்த தன்னை, போகக் கூடாது என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிர்காலத்தில் நம் முகம் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதுதான் கிங் சொன்னதன் சாரம். போராட்டக் களத்தில் நின்ற மனிதர் அவர். தொலைக்காட்சித் தொடரை அற்பமாக நினைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'சைலோ' என்று ஒரு தொடர். 2023 மே 5 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் இணையத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கிரகாம் யோஸ்ட் உருவாக்கியது. இரண்டாவது சீசன் 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் முடிந்திருக்கிறது. நான்கு சீசன்களோடு கதை முடியும் என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். எனக்கு இப்போதுதான் பார்க்க வாய்த்தது. முதல் சீசனின் 10 பகுதிகளையும் முடித்த கையோடு எழுதுகிறேன். முடிச்சுகளை அவிழ்க்கமாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

சைலோ என்றால் தானியக் குதிர். இங்கே குதிருக்குள் இருப்பது நெல் இல்லை, மனிதர்கள். பூமிக்கு அடியில் 144 தளங்கள், அதில் 10,000 பேர். வெளியே காற்று விஷம், போனால் சாவு என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள், என்றைக்கு வெளியே போகலாம் என்று யாருக்கும் தெரியாது. 140 வருஷத்துக்கு முன் ஒரு கலகம் நடந்ததாம். கலகக்காரர்கள் ஏடுகளையெல்லாம் அழித்துவிட்டார்களாம். கலகம் ஒடுக்கப்பட்ட நாளைத்தான் 'விடுதலை நாள்' என்று கொண்டாடுகிறார்கள். பழைய உலகத்தின் சாமான் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் விசாரணை. மிட்டாய் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பொம்மைக்குக்கூட அங்கே அரசாங்கம் நடுங்குகிறது.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு. பிரம்மாண்டமான சுழல் படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. மேல்தளங்களில் மேயர், ஷெரிஃப். ஆகக் கடைசியில், அடி ஆழத்தில், ஜெனரேட்டரை ஓட்டுகிற தொழிலாளிகள். மூட்டை சுமக்கிறவர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். மூன்றாவது பகுதியில் வயதான மேயரம்மா அடித்தளத்துக்கு இறங்கி வருகிறார். வழியில் தங்கித் தங்கித்தான் வர முடிகிறது. அதிகாரத்துக்கும் உழைப்புக்கும் நடுவில் எத்தனை தூரம் என்பதை வசனம் எதுவும் இல்லாமல், அந்த அம்மாவின் முழங்காலை வைத்தே காட்டிவிடுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அந்த ஊரில் நிறம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஷெரிஃபாக டேவிட் ஒயலோவோ, நீதித்துறையின் பாதுகாப்புத் தலைவனாகக் காமன், இருவரும் கறுப்பின நடிகர்கள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. நிறம் போய்விட்டது, தளம் போகவில்லை. கீழ்த்தளத்துக்காரர் என்றால் மேலே இருப்பவர்களின் குரல் மாறுகிறது, பார்வை மாறுகிறது. எண்ணெய்க் கறையைப் பார்த்தே ஆளை எடை போடுகிறார்கள். இந்தப் பார்வை நமக்குப் புதுசா என்ன?

அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' முதல் இதழில் இந்து சமூகத்தை ஒரு கோபுரமாக எழுதிக் காட்டினார். தளத்துக்கு ஒரு சாதி. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படி கிடையாது. எந்தத் தளத்தில் பிறந்தாயோ அங்கேயே செத்துப்போக வேண்டியதுதான். கீழே இருப்பவர் எவ்வளவு தகுதி உடையவராக இருந்தாலும் மேலே வரமுடியாது, மேலே இருப்பவர் எவ்வளவு தகுதி கெட்டவராக இருந்தாலும் கீழே தள்ளப்படமாட்டார். சைலோவைப் பார்க்கப் பார்க்க இந்தக் கோபுரம்தான் என் கண்முன் நின்றது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. சைலோவுக்குப் படி இருக்கிறது.

அந்தப் படியில் ஏறி வருகிறவள்தான் கதாநாயகி ஜூலியட். நடித்திருப்பவர் ரெபெக்கா ஃபெர்குசன். அடித்தளத்து மெக்கானிக். அவளை ஷெரிஃப் பதவிக்கு அழைக்கிறார்கள். அவளோ, ஜெனரேட்டரைச் சரி பண்ணாமல் வரமாட்டேன் என்கிறாள். டர்பைனின் இறக்கை கோணி, இயந்திரமே அதிர்ந்துகொண்டிருக்கிறது. நிறுத்தினால் ஊர் முழுக்க இருட்டு, நிறுத்தாவிட்டால் ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும். மூன்றாவது பகுதி பெரும்பாலும் இந்த ரிப்பேர்தான். ஒரு பக்கம் நீராவி அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, இன்னொரு பக்கம் இறக்கையைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். இவள் குழிக்குள் நின்று சூட்டைத் தணிக்கத் தண்ணீரைப் பீய்ச்சுகிறாள். துப்பாக்கிச் சண்டை இல்லை, வேற்றுக்கிரக மிருகம் இல்லை. வேலை, வெறும் வேலை. கை வேலை செய்கிறவர்களின் அறிவை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தொடர் நான் பார்த்தவரைக்கும் குறைவு. ஊரே இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், தாங்கள் யார் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று மேல்தளத்துக்குத் தெரிகிறது.

ஆனால் ஒரு முள் குத்துகிறது. ஜூலியட் அடித்தளத்தில் பிறந்தவள் இல்லை. அவள் அப்பா டாக்டர், இடைத்தளத்துக்காரர். குடும்பத்தில் நடந்த துக்கத்துக்குப் பிறகு, சின்ன வயசில் தானாக இறங்கி வந்தவள். நமக்குத் தெரிந்த கதைதான். கீழே இருப்பவர்களுக்காகப் பேச ஒருத்தர் வேண்டுமென்றால், அவர் கொஞ்சம் மேலேயிருந்து இறங்கி வந்தவராக இருந்தால்தான் கதை சொல்கிறவர்களுக்கு நிம்மதி. அடித்தளத்திலேயே பிறந்து, அடித்தளத்திலேயே கறுத்த கைகள் கதையில் நிறைய உண்டு. அவை எல்லாம் அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கின்றன. இறங்குவதற்கு அவளுக்கு விருப்பம் இருந்தது. நமக்கு இறக்கம் விருப்பத்தில் வந்ததில்லை.

இந்தத் தொடரின் மையம் ஒரு தண்டனை. அதன் பெயர் 'சுத்தம் செய்தல்'. வெளியே போக வேண்டும் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அவ்வளவுதான், திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கவச உடையை மாட்டி, கையில் ஒரு கம்பளித் துணியைக் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். வெளியுலகத்தைக் காட்டும் கேமரா ஒன்று மேலே இருக்கிறது. அதன் கண்ணாடி அழுக்கேறிக் கிடக்கும். போகிறவர் அதைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே உணவுக்கூடத்துப் பெரிய திரைக்கு முன்னால் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். அவர் துடைக்கிறார், நாலடி நடக்கிறார், விழுகிறார். முன்னால் போனவர்களின் உடல்கள் அந்த மேட்டிலேயே கிடக்கின்றன. ஹியூ ஹோவி 2011இல் எழுதிய மூலக்கதைக்கு 'வூல்', அதாவது கம்பளி, என்று பெயர் வந்தது இந்தத் துணியால்தான்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது என் சின்னம்மா பக்கத்தில் இருந்தார். நகராட்சியில் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதுவரை, "என்னா பாப்பா இது, கெணத்துக்குள்ள ஊரு?" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தவர் இங்கே வந்ததும் அமைதியாகிவிட்டார்.

"சாவப்போறவன் கையில எதுக்கு தொடைக்கிற துணியக் குடுக்கறாங்க?"

"கண்ணாடி அழுக்காப் போச்சு சின்னம்மா. உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய தெரியணுமில்ல."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "அப்ப, இவன் சாவறது நல்லாத் தெரியறதுக்கு இவனையே தொடைக்கச் சொல்றானுங்க."

எம்.ஏ. தமிழ் படித்து, நாலு கோட்பாட்டுப் புத்தகம் புரட்டிய எனக்கு இந்த வாக்கியம் வரவில்லை. முப்பது வருஷம் விளக்குமாறு பிடித்த கைக்கு வந்தது. சாவப்போகிறவர் ஏன் துடைக்கிறார் என்பதுதான் தொடரின் முதல் புதிர். அதற்கு ஒரு விடையும் வைத்திருக்கிறார்கள், நல்ல விடைதான், நீங்களே பாருங்கள். ஆனால் சின்னம்மா கேட்டது துடைக்கிறவரைப் பற்றி இல்லை. துடைக்கச் சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் நிற்கிறவர்களைப் பற்றி.

இங்கேதான் எனக்கும் தொடருக்கும் வழி பிரிகிறது. சைலோவைப் பொறுத்தவரை அதிகாரம் என்பது ரகசியம். ஏதோ ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள், அதைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் காட்டிவிட்டால் சனங்கள் விழித்துக்கொள்வார்கள் என்பது அதன் நம்பிக்கை. அழித்த கோப்புகளை மீட்கிறாள் கணினித் துறையில் வேலை பார்க்கும் ஆலிசன். பிள்ளை பெற அனுமதி கொடுத்துவிட்டு, கருத்தடைச் சாதனத்தை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறாள். யார் பிள்ளை பெறலாம் என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பது அம்பலமாகிறது. நெஞ்சு அடைக்கிற காட்சி.

நம் நாட்டில் எது ரகசியம்? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். பாதாளச் சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? 2017இல் திவ்யபாரதி 'கக்கூஸ்' படத்தை எடுத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அழுதார்கள். யார் இறங்குகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சைலோவில் போகிறவருக்குக் கவச உடையாவது கொடுக்கிறார்கள். நம் ஆள் கட்டிய துணியோடு இறங்குகிறார். நமக்குத் திரை அழுக்காக இல்லை. பளிச்சென்றுதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அறியாமையை வைத்து அவ்வளவு பெரிய கதை கட்டிய ஹோவிக்கு, அறிந்தே சும்மா இருக்கிற ஒரு சமூகத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை போலும். அதற்கு அவர் இங்கே பிறந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் சைலோ நமக்கு ரொம்ப நெருக்கம். தோற்றவர்கள்தான் ஏடுகளை அழித்தார்கள் என்று ஜெயித்தவர்கள் சொல்கிறார்கள். தோல்வி நாளையே திருவிழாவாக்கித் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகளையும் ஆடவைக்கிறார்கள். நாம் கொண்டாடும் பண்டிகைகளுக்கு அடியில் வேறொரு வரலாறு புதைந்திருக்கிறது என்று 1907இல் பத்திரிகை தொடங்கி எழுதிய அயோத்திதாசப் பண்டிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1914இல் அவர் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து அந்த எழுத்துகள் நம் கைக்கு வந்தது 1999இல். நடுவில் 85 வருஷம். நம்முடைய பழம்பொருள் நம்மிடம் திரும்பிவர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஜூலியட் ஒரு உடைந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன, யாருடையது என்று தவிக்கும்போது அந்தத் தவிப்பு எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஆகவே, பாருங்கள் என்றுதான் சொல்வேன். பத்துப் பகுதிகளில் நடுவே இரண்டு மூன்று இழுக்கின்றன, பொறுத்துக்கொள்ளலாம். டிம் ராபின்ஸ் சத்தமே போடாமல் பயமுறுத்துகிறார். ஒரு பட்டறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் கிழவியாக ஹேரியட் வால்டர் வருகிறார், அவருக்காகவே பார்க்கலாம்.

எழுதுகிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோவி அந்த முதல் கதையை எழுதியபோது ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பதிப்பாளரைத் தேடாமல் சின்ன மின்னூலாகத் தானே வெளியிட்டார். பிறகு பெரிய நிறுவனம் தேடி வந்தபோது, அச்சு உரிமையை மட்டும் கொடுத்து மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புரியும்.

10,000 பேர் வாழும் குதிரில் கக்கூஸ் கழுவுகிறவர் யார்? முதல் சீசனைப் பார்த்து முடித்தபின் அப்படி ஒரு முகம் என் மனதில் நிற்கவில்லை. நட்சத்திரங்களுக்குப் போகும் விண்கலங்களிலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதை எழுத வேண்டியது ஹோவி இல்லை.