சிரட்டையில் வெந்த புட்டு

பாறசாலை ரயில் நிலையத்தில் இறங்கி, காரக்கோணம் வழியாகப் பஸ்ஸில் வெள்ளறடைக்குச் செல்லும் அன்பர்கள், கேரளம் எது, தமிழகம் எது என்று வழியில் மயங்குவர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றிச் சமையல் பிரியவில்லை. நம்மில் பலர் கொட்டாங்கச்சி என்று எறிந்துவிடுவதை இங்கே இருமொழியாரும் சிரட்டை என்று போற்றி வைக்கின்றனர்.

நாம் தங்கிய இல்லத்து மாமி, கண்ணுள்ள பாதிச் சிரட்டையை நார் போகச் சுரண்டி, ஒரு கண்ணைத் துளைத்து வைத்திருந்தார். முற்றத்தில் மூன்று கல் கூட்டி, தென்னோலைத் தீயில் குறுகிய வாயுள்ள மண்கலயம் ஏற்றினார். வறுத்த அரிசிமாவில் உப்புநீர் தெளித்துப் பிசிறினார். பிடித்தால் நிற்க வேண்டும், விரல் பட்டால் உதிர வேண்டும். அடியிலும் மேலிலும் தேங்காய்த் துருவல் இட்டு, கலயத்தின் வாயில் சிரட்டையைப் பொருத்தி, இடுக்கில் ஈரத்துணி சுற்றி, மற்றொரு சிரட்டையால் மூடினார்.

“ஓட்டை பெரிசானா மாவு வெள்ளத்திலே விழும், மக்களே!” என்றார் நம் மகளிடம். (வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், குழந்தை திகைத்துவிட்டாள்!)

தீ எரிய, ஓடு எரியாததேன்? கொதிநீரின் ஆவி 100 டிகிரி சூட்டளவில் நின்றுவிடுகிறது. ஓடு கருக அது போதாது. முன்னாளில் கயிறு சுற்றிய மூங்கிற்குழலில் புட்டு வெந்ததும் இவ்வாறே. சேலம் பகுதியிலோ ஆடி முதல் நாளில் தேங்காயினுள் வெல்லம், அவல், எள், பயறு அடைத்து, குச்சியில் செருகி நேரே நெருப்பில் வாட்டுகின்றனர். அங்கே ஓடு கருகுவதே பக்குவத்தின் அடையாளம்.

ஆயினும் மாமியின் சிரட்டை விழாவுக்கு வந்ததன்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூரில் ஏழைகளைக் காத்தது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த கிழங்கு அது. மாமியின் தாயாரிடம் அந்நாளில் இருந்தது ஒரே கலயமாம். புட்டுக்குடம் வாங்க வழியில்லை. மரச்சீனி மாவைச் சிரட்டையில் அவித்து, பிள்ளைக்கு ஒரு சிரட்டை என்று அளந்து தருவாராம். தமக்கு மிஞ்சாத நாளும் உண்டாம். இதைச் சொல்கையில் மாமி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது துளையிட்ட சிரட்டை இரண்டைக் காகிதத்தில் பொதிந்து தந்தார். கல்லடுப்பில்லாத நம் இல்லத்தரசிகள் பிரஷர் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் குழாயின்மேல் துளை பொருந்தச் சிரட்டையை வைக்கலாம். வெள்ளறடையிலும் இந்நாளில் பலர் அப்படித்தான் செய்கின்றனர்.