மினாவுக்கு எந்தப் பையை எடுத்துச் செல்வது?



ஹஜ்ஜின் பர்ளுகளையும் சுன்னத்துகளையும் விளக்கி முடித்ததும் வகுப்பில் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஹஜ்ரத், மினாவுக்கு எந்தப் பையை எடுத்துப் போவது?" மார்க்க வகுப்பில் பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முறுவலிப்பதும் உண்டு. ஆனால் பயண ஏற்பாடு மார்க்கத்திற்குப் புறம்பானதன்று.

வழிக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுமாறு ஹஜ் பயணிகளுக்கு அல்லாஹ் கட்டளையிடுகிறான்; அவற்றில் மிகச் சிறந்தது இறையச்சம் என்றும் நினைவூட்டுகிறான் (அல்பகரா 197). யமன்வாசிகள் சிலர் தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று கூறிக்கொண்டு வெறுங்கையுடன் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தியதை ஒட்டியே இவ்வசனம் அருளப்பட்டது என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. பிறருக்குச் சுமையாவது தவக்குல் ஆகாது.

ஹிஜ்ரத்தின்போது உணவுப் பையின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்காமல் அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டிய வரலாற்றையும் நாம் அறிவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஹஜ்ஜின்போது ஏறிச் சென்ற ஒட்டகமே அவர்களின் சாமான்களையும் சுமந்தது என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தேவையானதை எடுத்துக்கொள்வதும், அதைக் குறைவாக வைத்துக்கொள்வதும் இரண்டுமே சுன்னத்தான வழி.

விமானத்தில் போடும் பெரிய பெட்டி மக்கா விடுதியிலேயே இருந்துவிடும். துல்ஹஜ் 8 முதல் 12 அல்லது 13 வரையிலான நாள்களே பைக்குச் சோதனை. மினாவில் கூடாரம், 9ஆம் நாள் பகல் அரஃபாவில், அன்றிரவு முஸ்தலிஃபாவில் திறந்த வானத்தின்கீழ், மறுநாள் மீண்டும் மினா. பேருந்துக்குக் காத்திருத்தலும் கூட்டத்தோடு கூட்டமாக நடத்தலும் இடையிடையே வரும். அந்நாள்களில் நம் சாமானை நாமே சுமக்க வேண்டும்.

நாம் சென்ற ஆண்டில், அரஃபாவிலிருந்து புறப்படும் மாலையில், நம் குழுவில் எழுபது வயதைக் கடந்த தாயுடன் ஒரு மகன் வந்திருந்தார். அவருடைய இரு கைகளிலும் இரண்டு உருளைப் பெட்டிகள். தாய் அவருடைய சட்டையற்ற தோளில் கிடந்த இஹ்ராம் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேருந்தருகே நெரிசல் வந்தபோது ஒரு பெட்டியின் சக்கரம் கல்லில் சிக்கியது. அவர் குனிந்து அதை விடுவித்து நிமிர்வதற்குள் துண்டின் நுனியில் தாய் இல்லை. இரவு முழுவதும் தேடினோம். ஃபஜ்ருக்குப் பிறகே, இந்தோனேசியப் பெண்கள் சிலரின் நடுவில், அவர்கள் விரித்த பாயில் அமர்ந்திருந்த அந்த அம்மையாரைக் கண்டோம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுத்து அவரைப் பாதுகாத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அம்மகன் அதன்பின் தாயின் கையை விடவில்லை. பெட்டிகளை நாங்கள் முறைவைத்துத் தூக்கிச் சென்றோம்.

ஆகவே நாம் சொல்லும் முதல் விதி இதுதான்: உங்கள் ஒரு கையேனும் ஓய்வாக இருக்க வேண்டும். பெற்றோரின் கையை, மனைவியின் கையை, வழி தவறிய ஒரு முதியவரின் கையைப் பிடிக்க அது தேவைப்படும். இவ்விதிக்குப் பொருந்துவது சக்கரப் பெட்டியன்று. தோளில் மாட்டக்கூடிய, மென்மையான, நீள்வடிவப் பை. கடைகளில் இதை டஃபிள் பை என்பார்கள். பெல்ஜியத்தில் டஃபிள் என்னும் ஊரில் நெய்யப்பட்ட தடித்த கம்பளித் துணியால் வந்த பெயர் அது.

அளவு 30 முதல் 40 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் மனம் தேடும். துணியின் உறுதியை டெனியர் என்னும் எண்ணால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். 600 டெனியர் பாலியெஸ்டர் இப்பயணத்திற்குப் போதுமானது. 1000 டெனியர் நைலான் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். தார்ப்பாலின் வகை தண்ணீரைத் தடுக்கும். ஆனால் கனம் கூடுதல். கித்தான் துணி உறுதியானதுதான். நனைந்தால் கனத்துவிடும், காயவும் நேரமாகும்.

துணி கிழிவதற்கு முன் பெரும்பாலும் ஜிப்பும் கைப்பிடியுமே போய்விடும். ஜிப்பின் பல் பருமனாக இருக்கட்டும். இழுப்பானின் பின்புறம் 8 அல்லது 10 என்ற எண் இருந்தால் நல்லது. கைப்பிடி வார் பையின் மேற்புறத்தில் மட்டும் தைக்கப்படாமல் அடிப்பக்கம் வரை சுற்றி வர வேண்டும். வார் சேருமிடத்தில் சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாகத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தோள் வார் அகலமாக இருப்பது அவசியம். இஹ்ராமில் திறந்திருக்கும் தோளை மெல்லிய வார் அறுத்துவிடும். தையலிட்ட பையை இஹ்ராமில் சுமக்கலாமா என்ற ஐயம் வேண்டாம். ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது உடலின் அமைப்புக்கேற்பத் தைக்கப்பட்ட ஆடையே.

வாங்கியதும் 5 கிலோ அரிசியை அதில் வைத்து, ஒரு வாரம் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் சுமந்து சென்று வாருங்கள். பையின் குறையும் நம் தோளின் குறையும் புறப்படுமுன்பே தெரிந்துவிடும்.

உள்ளே வைப்பவை: மாற்று இஹ்ராம், ஒரு மாற்றுடை, மெல்லிய பாய், போர்வை, குடை, தண்ணீர்ப் புட்டி, மருந்துகள், வாசனையற்ற சோப்பு, சிறிது உலர்பழம், கல் பொறுக்கிப் போட ஒரு சுருக்குப் பை. 12ஆம் நாளோடு திரும்புவோருக்கு 49 கற்கள், 13 வரை தங்குவோருக்கு 70. அத்தர் குப்பியை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். பையில் கசிந்தால் இஹ்ராம் துணியில் மணம் ஏறிவிடும். மினாவில் எல்லாப் பைகளும் ஒன்றுபோலவே தோன்றும். கைப்பிடியில் ஒரு வண்ணத் துணியை முடிந்து, பெயரும் கூடார எண்ணும் குழுத் தலைவரின் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ஊரார் மெச்சுவதற்காக விலையுயர்ந்த முத்திரையைத் தேடுவது வீண்விரயம். இரண்டு நாளில் அறுந்துபோவதை மலிவென்று வாங்குவதும் விரயமே. உழைக்கும் பை ஒன்றை வாங்கினால், நாம் திரும்பிய பின் அடுத்த ஆண்டு செல்லும் ஏழை ஹாஜி ஒருவரிடம் அதைக் கொடுக்கலாம். அவர் அதைத் தோளில் மாட்டி அரஃபாவில் நின்று துஆச் செய்யும்போது, நமக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

சுமையைக் குறைத்து, பிறர் சுமையைத் தாங்கும் வலிமையைத் தந்து, நம் அனைவரின் ஹஜ்ஜையும் மப்ரூரான ஹஜ்ஜாக அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.